தணிகாசலத்தின் முதுகுப் பை

செய்தி எதிரிலிருக்கும் மருந்துக் கடையின் டெலிபோனில் வந்தது. திருவள்ளூரில் நானும் தணிகாசலமும் சேர்ந்து நடத்திய ஸ்டூடியோவுக்கு டெலிபோன் கிடையாது. அவசரமென்றால் அந்தக் கடைக்குத்தான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் சாலையைத் தாண்டி வந்து, படியேறாமல் நின்றுகொண்டு, "கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்லேர்ந்து பேசறாங்க. உங்க தணிகாசலம் சார் செத்துட்டாராம்" என்றார். "இன்னாய்யா ஒளர்ற? காலையிலதானே போனாரு" என்று அவரை அதட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்? நான் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்திருந்தவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, விளக்கைப் போட்டு, படத்தையும் எடுத்து முடித்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் எப்படி இறந்தார் என்பது தெரியாது. ஸ்டேஷனில் டீ விற்பவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வந்து பெஞ்சியில ஒக்காந்தாரு சார். டீ கேட்டாரு, குட்த்தேன். அப்பால பாத்தா கண்ண மூடிக்கினு கீறாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். மெட்ராஸ் வண்டி வந்துச்சி, போச்சி. அட்த்த வண்டிக்குப் போவாரு போலன்னு உட்டுட்டேன். கிளாசு வாங்கலாம்னு போயித் தொட்டப்பதான் சார்..."

தணிகாசலம் சாயவில்லை, விழவில்லை. கேமராப் பை முதுகில் இருந்தது. தோள்வார் இரண்டும் மாட்டியபடி, இடுப்பு வாரும் கட்டியபடி, அந்தப் பை அவரை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தது. ஒரு வண்டி நிறைய ஜனங்கள் இறங்கி அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "கொஞ்சம் முன்னாடியே தூக்கிக்கினு வந்திருந்தா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். அவ்வளவுதான் பதில். அந்தப் பையைத் தேடித் தேடிச் செய்தவர்கள் நாங்கள் இருவரும். அது கொஞ்சம் மட்டமான பையாக இருந்திருந்தால் அவர் சரிந்திருப்பார், யாராவது ஓடி வந்திருப்பார்கள். அன்றிலிருந்து இதே நினைப்புதான் எனக்கு.

பை வருவதற்கு முன்பு டிரங்குப் பெட்டி இருந்தது. உள்வேலை எனக்கு, வெளிவேலை அவருக்கு என்று பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். வெளியே போவது பெரிய கேமரா. மர உடம்பு, தோல் துருத்தி, பின்பக்கம் பிம்பம் விழத் தேய்த்த கண்ணாடி, தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. பிலிம் ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. பிலிமைச் செருகுகிற சட்டங்களோடு சேர்த்துத் தூக்கினால் நாலு வயசுப் பிள்ளையின் கனம் இருக்கும். அறுபதுகளின் நடுவில் ஒருமுறை திருவாலங்காட்டுப் பக்கம் வயல் நடுவே ஒரு கிணற்றைப் படமெடுக்கப் போனோம். கூலிக்கு வந்த ஆள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வழுக்கினார். ஆள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். தணிகாசலம் சேற்றில் குதித்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரையேறி வேட்டியைப் பிழிந்தபடி அந்த ஆளைப் பார்த்து, "உனுக்கு அடிகிடி பட்டுச்சா?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "கேமராவ இன்னொருத்தன் தலையில வெச்சா நம்ப உசிரு அந்தத் தலைமேலயே கெடக்குதுபா. இனிமே என் முதுகுலதான்" என்றார்.

அதற்கப்புறம் பை தேடல் ஆரம்பித்தது. சென்னையில் பழைய பட்டாளச் சாமான் விற்கிற கடைகளுக்குப் போனோம். வீட்டிலிருந்து அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பைக்குள் அதைப் போட்டு, முதுகில் மாட்டி, கடைவாசலில் இப்படியும் அப்படியும் நடப்பார். பிறகு குனிந்து செருப்பு வாரை மாட்டுவார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பை வாங்க வந்தியா, ஊட்டையே காலி பண்ணிக்கினு வந்துட்டியா?" என்று கேட்டார். தணிகாசலம் சிரிக்கவில்லை. பட்டாளப் பை எல்லாமே ஒரே மாதிரி ஏமாற்றியது. நின்றால் குழவி அடியில் இறங்கி இடுப்புக்குக் கீழே தொங்கும். குனிந்தால் பிடரியில் வந்து இடிக்கும். "கம்பளிக்குத் தச்ச பைபா இது. கம்பளி எப்டி உழுந்தாலும் கம்பளிதான், கேமரா அப்டியா?" என்றார். வெறுங்கையோடு திரும்பினோம். வெறுங்கை என்று சொல்லக்கூடாது, குழவி இருந்தது. அதை முறை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. முதலாளிகள் சுவர் அகலத்துக்குப் படம் கேட்டார்கள். அஸ்திவாரக் குழி, கம்பி கட்டுகிற சாரம், புதிதாக இறங்கிய இயந்திரம் எதுவானாலும் பெரிய கேமராதான் வேண்டும். பாதையே இல்லாத பொட்டலில் நாள் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் லாரி சீட்டுக்கு உறை தைக்கிற பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் உட்கார்ந்தோம். உள்ளே மெல்லிய பலகைப் பெட்டி, அதற்குள் கம்பளித் துணி ஒட்டி அறை அறையாகத் தடுப்பு, வெளியே லாரித் தார்ப்பாய். திறக்கிற பக்கம் முதுகுப் பக்கமாக இருக்கட்டும் என்றார் தணிகாசலம். பாய் புரியாமல் பார்த்தார். "கீழ சேறுதான் பாய் இருக்கும். சேத்துல படற பக்கம் வேற, நான் தொறக்கற பக்கம் வேறயா இருக்கணும்." உட்காரும்போது கழற்றாமலே உட்கார வேண்டும் என்பதும் அவர் கேட்டதுதான். பையின் அடிப்பாகத்தைப் பெஞ்சுப் பலகையில் பதிகிற மாதிரி தட்டையாக, அகலமாக வைத்தார் பாய்.

இடுப்பு வார் மட்டும் நான் சொன்னது. "இடுப்புல கட்டிக்க நான் இன்னா மாடாய்யா?" என்று சண்டைக்கு வந்தார். "கட்டித்தான் பாரேன்" என்றேன். கட்டிக்கொண்டு கடையிலிருந்து புளியமரம் வரை போய்த் திரும்பினார். முகத்தில் ஒரு திகைப்பு. "தோள்ல ஒண்ணுமே தெரியலபா. கொழந்த மாதிரி இடுப்புல ஏறி ஒக்காந்துக்கிச்சி" என்றார். நான் சொன்ன ஒரு விஷயத்தை அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அநேகமாக அன்றைக்குத்தான். அந்த சந்தோஷத்தில் நான் பாய்க்கும் அவருக்கும் நாஷ்டா வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பையால் ஒரு கூத்தும் நடந்தது. ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். பழவேற்காடு ஏரியோரம் ஒரு மீனவக் குப்பத்தில், கரையையும் படகுகளையும் எடுக்கலாம் என்று இருவரும் போனோம். முதுகில் பெட்டிப் பையோடு, கையில் மூன்று கால் ஸ்டாண்டோடு, தோளில் கறுப்புத் துணியோடு தணிகாசலம் நடந்து வருவதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், ஆபரேஷன் செய்ய வந்த டாக்டர் என்று பயந்து, ஆண்பிள்ளை ஒருவர் பாக்கியில்லாமல் படகுகளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார்கள். "யோவ், போட்டோ புடிக்க வந்தவன்யா நான்!" என்று இவர் கரையிலிருந்து கத்துகிறார். மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "போன வாட்டி வந்தவனும் இப்டித்தான் பல்லக் காட்டிக்கினு வந்தான்" என்று சொல்லி எங்கள் மேல் வீச மண்ணை வாரினாள். நான் ஓட்டமெடுத்தேன். இவர் பையைப் பிரித்து, ஸ்டாண்டை நட்டு, துணிக்குள் தலையை விட்டு, தூரத்தில் நின்ற படகுகளை அப்படியே எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். அடுத்த மாதம் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எறும்பளவில் தெரிந்த ஒவ்வொருவரும் தன்னைத் தானே கண்டுபிடித்துச் சிரித்தார்கள். மண்ணை வாரிய அம்மா இரண்டு பேருக்கும் மீன் குழம்பு ஊற்றினாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து நான் திரும்பக் கொண்டுவந்தது அவரையும் பையையும். பையை ஸ்டூடியோவில் வைத்துத் திறந்தேன். கண்ணாடி உடையவில்லை, லென்ஸ் அசையவில்லை, பிலிம் சட்டங்கள் அவர் செருகிய ஒழுங்கில் இருந்தன. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாயே, அவரை மட்டும் விட்டுவிட்டாயே என்று அந்தத் தார்ப்பாயைக் கையால் அடித்தேன். பைத்தியக்காரத்தனம்தான். அடித்த கை இரண்டு நாள் வலித்தது.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி சரோஜாவிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பை இல்லன்னா அவரு கீழ உழுந்திருப்பாரும்மா. யாராவது பாத்திருப்பாங்க" என்றேன். சரோஜா அழவில்லை. சொன்னாள்: "உழுந்திருந்தா குடிச்சிட்டுக் கெடக்கறான்னு தாண்டிக்கினு போயிருப்பாங்கண்ணே. நீங்களும் நானும் அப்டித்தானே போறோம்?"

ஆறுதலுக்காக அவள் அதைச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொன்னாள். பிளாட்பாரத்தில் விழுந்து கிடந்த எத்தனை பேரைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன்? ஒருவரைக் கூடக் குனிந்து பார்த்ததாக நினைவில்லை. பையின் மேல் போட்ட பழியை எடுத்துவிட்டேன். ஆனால் அதை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பை இப்போது சரோஜா வீட்டில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், நான் எடுக்கவில்லை. அவருடைய நினைவாக என்னிடம் வேறு ஒரு பழக்கம் தங்கிவிட்டது. ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாராவது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், படுத்துக் கிடந்தால், என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்கிறேன். பலர் முறைக்கிறார்கள். ஒருவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

போன வாரம் திருவள்ளூர் ஸ்டேஷனில் ஒருவர் மூட்டையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கிடந்தார். தொட்டேன், அசைவில்லை. இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு எழுந்தார். "இன்னா நைனா, மன்சன் செத்த நேரம் கண்ண மூடக் கூடாதா? பேஜாரு புடிச்ச ஆளா கீறியே! வேலவெட்டி இல்லியா உனுக்கு?" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.