சிவகாமியின் பெயர் கொண்ட மஞ்சள்

என் மனைவியின் பெயர் சூட்டி உலகுக்கு நான் அறிவித்த புதிய செடி, புதியதல்ல. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியவிடாமல் செய்தவன் நான்தான்.

2025 ஜனவரி 15, புதன்கிழமை. பொங்கலுக்கு மறுநாள். ஐந்தரைக்கு எழுந்தேன். மழைமானியைப் பார்த்தேன்; காலி. குறித்துக்கொண்டேன். சீனி போடாத கோப்பி குடித்தேன். மேசையில் பேனாக்களை நிறவாரியாக அடுக்கினேன். விடுப்பு நாளிலும் இந்த வரிசை மாறாது. என் ஒழுங்கைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை... அன்று காலை வரை!

நான் தாவரவியலாளன். இஞ்சிக் குடும்பத்தை வகைப்படுத்துவது என் வேலை. இஞ்சி, மஞ்சள், ஏலம், லக்சா நூடுல்ஸில் நறுக்கிப் போடும் புங்கா கந்தான் பூ, எல்லாம் அந்தக் குடும்பம்தான். பூவைப் பிரித்து, மகரந்தப்பையின் அடியில் முள் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்து, எந்தச் செடி எதற்கு அக்காள், எது வெறும் பக்கத்து வீடு என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்மலை அடிவாரத்து ஓடைக்கரையில் ஒரு காட்டு மஞ்சளைக் கண்டேன். இலையின் அடிப்பக்கம் பட்டுப் போல மென்மயிர். கிழங்கின் உள்ளே வெளிறிய மஞ்சள், கற்பூர வாசம். பூக்கதிரின் நுனியில் இளஞ்சிவப்பு. அதைப் போலவே ஒன்று இந்தியாவில் உண்டு என்று அறிவேன். ஆனால் எங்கள் ஆய்வக அலமாரியில் இருந்த அதன் உலர்ந்த மாதிரிகள் நிறமெல்லாம் போய்ப் பழைய காகிதம் போலக் கிடந்தன. ஒப்பிட்டேன். சந்தேகம் இருந்தது. இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்கலாம் என்றும் தோன்றியது.

ஆனால் எங்கள் கல்யாண வெள்ளிவிழா அந்த ஆண்டில்தான் வந்தது! அதற்கு முன்பு மூன்று கல்யாண நாள்களை நான் காட்டில் கழித்திருந்தேன். என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? நகை வாங்கியிருப்பீர்கள். நான் ஓர் இனத்தைக் கொடுத்தேன். ‘குர்குமா சிவகாமியே.’ லத்தீனில், சிவகாமியின் மஞ்சள்.

அவள் அழுதுவிட்டாள். செடியின் படத்தைச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினாள். கோயிலில் எல்லோரும் அவளைச் ‘செடி அக்கா’ என்றார்கள். எங்கள் ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன்காரர்கூட வாழ்த்துச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை அவள் வாசலில் நின்றாள். கையில் முதல் நாள் பொங்கல் பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து, இலையும் கிழங்குமாக.

“என்னாங்க, இத ஆத்துல விடணும். தம்பிக்கு இன்னிக்கி ஷிப்டு. நீங்க காடிய எடுங்க.”

அவள் தம்பி சேகருக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஆண்டுதோறும் அவளை அழைத்துப் போகிறவன் அவன்தான். எங்கே போகிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

காரை எடுத்தேன். தண்ணீர்மலைச் சாலையில் தைப்பூசப் பந்தலுக்கான கம்பிகள் அதற்குள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைத் தாண்டி ஒரு வளைவில், “நிறுத்துங்க, இங்கதான்,” என்றாள்.

“இங்கேயா?”

“ஆமாலா. அந்தப் பக்கம் போனா குரங்கு பிடுங்கிக்கும். வருஷா வருஷம் இங்கேர்ந்துதான் வீசுவேன். கும்பிட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்துருவேன்.” எட்டிப் பார்த்தாள். “இந்த வாட்டி தண்ணியே இல்ல. மேலேர்ந்து போட்டா கரையிலதான் விழும். வாங்க, இறங்கிப் போய் விடுவோம்.”

கரையிலதான் விழும்... என் காட்டு மஞ்சளைக் கண்டதும் அதே கரையில்தான்.

இறங்கினோம். மாதிரி எடுத்தபோது நான் கட்டிவிட்ட, என் எண் பொறித்த அலுமினியத் தகடு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி என் காட்டு மஞ்சள், ஆள் இடுப்பு உயரத்துக்கு.

“ஐயோ! இதுவா? படத்துல இருக்கிற என் செடியா?” அவள் குனிந்து இலையைத் தடவினாள். பிறகு கையிலிருந்த கொத்தின் இலையைத் தடவினாள். “என்னாங்க, அடியில பூனை முதுகாட்டம் இருக்கு. நம்ம வீட்டு மஞ்சளும் இப்படித்தான் இருக்கும்.”

“சமையலுக்குப் போடுகிற மஞ்சள்தானே அது?” என்றேன்.

“சமையலுக்கா? கசக்கும்லா! பாசார்ல பூக்காரம்மா கொடுத்த கிழங்கு. பானைக்குக் கட்ட மட்டும்தான் வெச்சிருக்கேன். கஸ்தூரின்னு என்னமோ சொன்னாங்க.”

கஸ்தூரி மஞ்சள்! இந்தியாவில் பெண்கள் முகத்தில் பூசுகிற, எப்போதோ பெயர் வைத்து முடித்த செடி. எங்கள் வீட்டுப் பின்புறத் தொட்டியில்தான் வளர்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் என் காலணிகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறேன். வீட்டில் நட்ட செடி எங்கள் ஆய்வில் சேராது. அதனால் என் கண்ணிலும் சேரவில்லை. பானையில் கட்டும் மஞ்சளை யார்தான் வெட்டிப் பார்க்கிறார்கள்?

அப்போதுதான் அதைக் கண்டேன். தகட்டுக்குக் கீழே, சருகுக்கு நடுவே, ஒரு கிழங்கைச் சுற்றிச் சிவப்பு ராஃபியா கயிற்றின் முடிச்சு. அவள் கையிலிருந்த கொத்திலும் அதே கயிறு, அதே முடிச்சு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அது அங்கே இருந்தது. குப்பை என்று ஒதுக்கிவிட்டு, ‘இயற்கையாக வளர்வது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

நான் செய்தது இதுதான்: வலது காலைத் தூக்கி அந்த முடிச்சின் மீது வைத்தேன்.

“ரெண்டும் ஒண்ணா?” என்று கேட்டாள்.

“இல்லை. இலை நரம்பு வேறு.”

“அதானே பாத்தேன். என் செடி இன்னும் அழகா இருக்கு.” தண்ணீரில் கொத்தை விட்டுக் கும்பிட்டாள். “நீங்க ஆராஞ்சு சொன்னா தப்பு வருமா? ஏன் ஒத்தக் கால அழுத்திக்கிட்டு நிக்கிறீங்க? அட்டையா?”

“அட்டைதான்.”

ஒரே இடத்தில் இரண்டு பொய்கள்! முதல் தவறை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். என் காலை என்னவென்று சொல்வது?

திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: “சனிக்கிழம டாக்டர் லிம்ம சாப்பிட வரச் சொல்லிருக்கேன். என் செடியப் பத்தி அவர்கிட்ட பேசணும்.”

லிம் என் பழைய சகா. இஞ்சிக் குடும்பத்தில் இந்தத் தீவில் என்னைவிடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகப் பின்புறம் போய்த் தொட்டிகளைப் பார்ப்பார். நான் செய்யத் தவறிய அதே வேலை!

மாலையில் அவள் கோயிலுக்குப் போனதும் தொட்டியிலிருந்து ஒரு கிழங்கைத் தோண்டி வெட்டினேன். வெளிறிய மஞ்சள். கற்பூர வாசம். இனிச் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

ஆய்விதழுக்கு ஒரு குறிப்பு அனுப்பினால் போதும். நான் வைத்த பெயர் செல்லாது, இது பழைய செடிதான் என்று நானே எழுதிவிடலாம். அறிஞர்களுக்கு அது அன்றாட விஷயம். யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் சிவகாமி? அவள் தூக்கி எறிந்ததையே எடுத்து, அவளுக்கே பரிசாகக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வேன்? சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றும்போது யார் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது?

எழுத உட்கார்ந்தேன். பேனாக்களை மீண்டும் அடுக்கினேன். எழுதவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் மழைமானியைப் பார்க்கவில்லை. நேராகப் பின்புறம் போய், மஞ்சள் தொட்டியை இழுத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அங்கே வெயில் படாது என்பது உடனே உறைத்தது. மீண்டும் பழைய இடத்துக்கே இழுத்து வந்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன்.