ஒரகடத்துக்குப் போன என் ஆறாயிரம் கன்றுகள்

காலை 5.50. இராமேஸ்வரம் ரயில் என்னைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. புரட்டாசி முதல் வாரம். கையில் ஒரு நோட்டு, மாற்றுத் துணி, வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு. அவ்வளவுதான் என் மூட்டை.

நான் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் நர்சரி வைத்திருப்பவள். நாற்பத்தொரு வயதில் தோட்டக்கலை மேலாண்மையில் பட்டயப் படிப்பு ஒன்றை அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருக்கிறேன். செடி வளர்க்கத் தெரியும், செடி வியாபாரம் தெரியவில்லையே என்றுதான் சேர்ந்தேன். கடைசிப் பருவத்தில் ஒரு கள ஆய்வு: உங்கள் பொருள் ஒன்று உங்கள் வாசலைத் தாண்டியபின் எங்கே போகிறது, போய்ப் பார்த்து எழுதுங்கள். உடன் படிப்பவர்கள் பெரும்பாலும் பூ மார்க்கெட்டை எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரகடத்தை எடுத்தேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு ஆடியிலும் இரண்டாயிரம் கன்றுகள் லாரியேறி அங்கேதான் போகின்றன. புங்கன், வேம்பு, பூவரசு. ஒப்பந்தக்காரர் தனசேகர் சொன்ன நேரத்துக்கு வருவார், பேரம் பேச மாட்டார். அவரை நம்பித்தான் நிழல்வலைக் கூடாரம் போட்டேன், இரண்டாவது போர்வெல்லும் இறக்கினேன்.

6.25. மின்சார ரயில். இரண்டாவது நிறுத்தம் சிங்கப்பெருமாள் கோவில், டிக்கெட் ஐந்து ரூபாய். வெளியே ஷேர் ஆட்டோ. ஒரகடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். நீலச் சட்டை போட்ட பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எந்தக் கம்பெனி? புது ஆளா?"

"வேலைக்கு இல்லண்ணே. நான் கொடுத்த மரக்கன்னு எப்படி வளந்திருக்குன்னு பாக்க வந்தேன்."

"மரத்தப் பாக்கவா? ஒரகடத்துக்கா?" அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணும் விழித்துவிட்டாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

7.15. ஒரகடம் கூட்ரோடு. பொங்கல் நாற்பது ரூபாய், டீ பன்னிரண்டு. புளிச்சோற்றை மதியத்துக்கு வைத்துக்கொண்டேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஆட்களை இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு போயின. எட்டு மணிக்குத் தனசேகர் காரில் வந்தார். குன்றத்தூர்க்காரர், மரியாதையான மனிதர். தொழிற்சாலை இருக்கும் வல்லம் வடகாலுக்குப் போகும் வழியில், "நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்கக்கா. மரமெல்லாம் நட்டிருக்கான்னு பாக்க இன்னிக்கு ஆடிட் இருக்கு. நர்சரி ஓனர் நீங்களே நின்னா நல்லாத்தான் இருக்கும்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

8.40. தொழிற்சாலை வாசல். பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, இரண்டு அளவு பெரிய பாதுகாப்பு ஷூவில் காலை நுழைத்து உள்ளே போனேன். கட்டடத்தின் பின்பக்கச் சுவரோரமாகப் பசுமைப் பகுதி. பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஆடியில் அனுப்பியவையாக இருக்கும், இடுப்பு உயரத்தில் வரிசை வரிசையாகக் கன்றுகள், இலையெல்லாம் கழுவிவிட்டதுபோல் பளபளவென்று. இரண்டு பெண்கள் குடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தனசேகருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே தள்ளிப் போனார்.

ஒரு புங்கன் கன்றின் நுனி இலை தொங்கியிருந்தது. தூறல் விழும் காலையில் புங்கன் ஏன் வாடுகிறது? தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினேன். கையோடு வந்துவிட்டது.

அடியில் வேர் இல்லை. அரிவாளால் சாய்வாக வெட்டிய வெள்ளை முனை. பக்கத்தில் இருந்ததை இழுத்தேன். அதுவும் வந்தது. மூன்றாவது, நான்காவது. அத்தனையும் மரக்கிளைகள். வெட்டி வந்து மண்ணில் சொருகி வைத்திருக்கிறார்கள்.

"புடுங்காதக்கா, திருப்பி சொருவணும்" என்றாள் தண்ணீர் தெளித்தவர்களில் இளையவள். மேரி என்று பெயர், பக்கத்துக் கிராமத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருப்பாள். "நேத்து சாயங்காலம் ஏரிக்கரைல வெட்டினு வந்தது. காலைல ஆறு மணிக்கு சொருவினோம். மத்தியானம் வரைக்கும் தாங்கும். ஆடிட்டு பதினோரு மணிக்கு."

"என் கன்னெல்லாம் எங்கம்மா? ஆடி மாசம் புதுக்கோட்டைலேருந்து வந்ததே?"

"உன்னுதா அது?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்தாள். "வா, காட்றேன்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய மரப்பலகைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், கறுப்புப் பைகள் மார்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்த ஊர் மண் சாம்பல் நிறம். பைகள் கிழிந்து தெரிந்த மண் சிவப்பு. எங்கள் ஊர்ச் செம்மண், நானும் என் ஆட்களும் எருவோடு கலந்து பையில் திணித்த மண், செங்கல்லாக இறுகிக் கிடந்தது. அதிலிருந்து குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே இந்த வருஷத்தது. கீழே போன வருஷத்தது. அதற்கும் கீழே அதற்கு முந்தையது. ஒன்றைக்கூட நடவில்லை.

அழுகை வரவில்லை. ஒரு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

10.00. தனசேகர் டீ வாங்கி வந்து கொடுத்தார். மறைக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அக்கா, குழி எடுக்கணும்னா மெஷின் வேணும். ரெண்டு சாணுக்குக் கீழ எல்லாம் கட்டட இடிசல். தண்ணிக்குப் பைப் லைன் கெடையாது. என் ஆர்டர்ல கன்னு சப்ளைன்னுதான் போட்டிருக்கு. நான் சப்ளை பண்றேன்."

"செத்துப்போச்சேங்க, எல்லாம்."

"யோசிச்சுப் பாருங்க. அதெல்லாம் வேர் புடிச்சு வளந்துட்டா அடுத்த வருஷம் உங்ககிட்ட நான் எதுக்கு வரப்போறேன்? உங்க பொழப்பும் இதுலதான் ஓடுது, என் பொழப்பும் இதுலதான் ஓடுது."

வேரில்லாத கிளை கையோடு வந்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. என் நிழல்வலையும் போர்வெல்லும் அந்தக் குவியலிலிருந்து வந்தவை.

"ஆடிட்காரர் கேட்டா, ஆமா என் நர்சரிக் கன்னுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ்ளோதான்" என்று எழுந்து போனார்.

நான் மேரியிடம் போனேன். "ஏம்மா, நான் உள்ளதச் சொன்னா உன் வேலைக்கு எதுவும் வருமா?"

அவள் சேலை முனையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீ சொல்ட்டு ரயிலேறிப் பூடுவ. நாங்க இங்கதான கீறோம்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சொல்லு. நான் காட்னேன்னு மட்டும் சொல்லாத" என்றாள்.

11.10. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஆய்வு செய்பவர் வந்தார். தமிழர்தான், ஐம்பது வயதிருக்கும். கூடவே தொழிற்சாலை மேலாளர். இருவரும் பாதையை விட்டு இறங்கவில்லை. தனசேகர் என்னை அறிமுகப்படுத்தினார்.

"எல்லாம் உங்க கன்னுங்களா மேடம்? நல்லா வந்திருக்கே" என்றார் ஆய்வாளர்.

"இது என்னுது இல்லீங்க. என்னுது தொட்டிக்குப் பின்னாடி கெடக்கு. நானே தேடிப் போய்ப் பாத்தேன். வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டே போனேன். கேட்டது.

அவர் குவியலைச் சுற்றிவந்தார். ஒரு பையை விரலால் அழுத்திப் பார்த்தார். மேலாளர் தனசேகரைப் பார்த்தார், தனசேகர் தரையைப் பார்த்தார். ஆய்வாளர் தன் கையிலிருந்த தாளைப் புரட்டி, "இதுல ஆறாயிரம் மரம்னு இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுல எத்தனைக்கு உயிர் இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியும். பட்டையை நகத்தால் சுரண்டினால் போதும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இல்லை. பழைய வருஷத்தவை பார்த்தாலே தெரியும் வெறும் சுள்ளிகள்; மேலே கிடந்த இந்த வருஷத்துக் கன்றுகளை நான் சுரண்ட ஆரம்பித்தேன். சிறிது நேரத்தில், யாரும் சொல்லாமலே மேரியும் மற்றவளும் வந்து உட்கார்ந்து சுரண்டினார்கள். நகம் கிழிந்தது. பழுப்பு, பழுப்பு, பழுப்பு. தொட்டிக் குழாய் ஒழுகிய ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூவரசு பிழைத்திருந்தது. ஒரு மணிக்கு எண்ணி முடித்தோம். அறுபத்தொன்று. ஆய்வாளர் அந்த எண்ணை எழுதினார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மறுபடி ஒருமுறை எண்ணினேன். அறுபத்தொன்றுதான்.

2.30. தனசேகர் என்னை ஒரகடம் கூட்ரோட்டில் இறக்கிவிட்டார். கார் கதவைச் சாத்தும்போது, "இனிமே லாரி அனுப்ப வேணாங்கக்கா" என்றார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

மாலைவரை சிங்கப்பெருமாள் கோவில் நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். புளிச்சோறு பிரிக்காமல் பையிலேயே கிடந்தது.

கிளம்பும்போது என் நம்பரை வாங்கி வைத்திருந்த மேரி, பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். வேலை போகவில்லையாம், கேன்டீன் பக்கம் மாற்றிவிட்டார்களாம். "மெஷின் வந்துச்சுக்கா. அந்த அறுபத்தொண்ணையும் நட்டுட்டாங்க. தண்ணிக்குப் பைப்பும் போட்றாங்க." நான் மகிழ்ந்துபோய் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "மிச்சத்துக்கு வேற நர்சரிலேர்ந்து லாரி வந்துகீது. தொட்டிக்குப் பின்னாலதான் எறக்கி வெச்சிகீறாங்க" என்றாள்.

இங்கே எங்கள் ஊரில் கன்று செத்துப்போனால் வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். இத்தனை வருஷமும் அதை ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு பெண் காய்ந்த எலுமிச்சைக் கன்றைப் பையோடு கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு அரை மணி நேரம் கத்தினாள். காசுக்காகக்கூட இல்லை, தினமும் ரெண்டு வேளை ஊத்தினேனே, ஏன் செத்துச்சு, ஏன் செத்துச்சு என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது.