ஐந்து நிமிஷம் பேச முப்பத்து மூன்று மைல்

எங்கள் வீட்டுக்கு வலது பக்கத்தில் ஒரு காபி ஓட்டல். அதன் முதலாளி போன சித்திரையில் ஒரு ரேடியோப் பெட்டி வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? அதற்கு ஒரு ஒலிபெருக்கியைக் கட்டி, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நான் நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் பதினாறு வருஷமாகக் குமாஸ்தா. மாலையில் வீட்டில் உட்கார்ந்து பத்திரங்களுக்கு நகல் எழுதுவது வழக்கம். அந்தப் பெட்டி வந்த பிறகு, கிரயப் பத்திரத்தில் "வடக்கே வாய்க்கால்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு தடவை "வடக்கே கனமழை" என்று எழுதிவிட்டேன்.

இந்த நிலையில்தான் தபால் ஆபீஸ் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ரேடியோ சம்பந்தமாகப் புது விதிகள் வரப்போகின்றனவாம். அவற்றைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்க ஒரு குழு சேலத்துக்கு வருகிறதாம். விதிகளில் மூன்றாவது: காபி ஓட்டல், கடை முதலிய இடங்களில் ரேடியோ வைக்கக் கூடாது. படித்ததும் என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது. ரேடியோ லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டும், அதைக் காட்டி, ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். என்னிடமும் சின்னதாக ஒரு ரேடியோ உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன். வருஷத்துக்குப் பத்து ரூபாய் ஒழுங்காகக் கட்டுகிறேன். ஆகவே தெருவில் பதினெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனுவைத் தயார் செய்துகொண்டு, ஐப்பசி முதல் வியாழக்கிழமை சேலம் கிளம்பினேன்.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் முப்பத்து மூன்று மைல். கட்டணம் பதினான்கு அணா. பஸ் ஆறு இருபதுக்கு என்பார்கள். ஆறே முக்காலுக்கு முன் நகராது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் பெட்ரோல் அளந்துதான் கொடுக்கிறார்கள் என்பதால் இன்னும் கரி பஸ்தான் ஓடுகிறது. பின்னால் ஒரு இரும்பு உருளையில் கரியைக் கொளுத்தி, அந்த வாயுவில் வண்டி ஓடுகிறது. கரித்தூள் முழுதும் பின் வரிசைக்குத்தான் வரும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன் வரிசையில் இடது ஓரமாக இடம் பிடியுங்கள். நான் வலது ஓரத்தில் உட்கார்ந்து டிரைவரின் வெற்றிலை எச்சிலுக்கு இரண்டு தடவை குனிந்தேன்.

ராசிபுரம் பதினாறு மைல். எட்டு ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே சாம்பலைத் தட்டிக் கரி நிரப்ப இருபத்தைந்து நிமிஷம் நிற்கும். இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். நெய் வாங்க நினைப்பவர்கள் திரும்பி வரும்போது வாங்குவது நல்லது, இல்லாவிட்டால் கரி பஸ்ஸின் சூட்டில் அது துணிப்பைக்கு இறங்கிவிடும்.

இங்கேதான் பாவாயம்மாள் ஏறினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு தூக்குப் போசி, இடுப்பில் ஒரு துணி முடிச்சு. என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கரிப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க சாமி, சேலத்துல இருந்து அந்த மலைக்கோயில் ஊருக்குச் சாயங்காலம் பஸ்ஸு இருக்குதுங்களா? என்ற தங்கச்சி ஊடு அங்கதானுங்க."

"எந்த ஊரு அம்மணி? திருச்செங்கோடா?"

"அதேதானுங்க."

நாலரைக்கு ஒன்று உண்டு என்றேன். ஊர்ப் பெயரைச் சொல்ல என்ன தயக்கம் என்று நினைத்தேனே தவிர, கேட்கவில்லை.

மல்லூர் தாண்டும் முன் ஒன்பது பத்துக்கு வண்டி நின்றுவிட்டது. கரி சரியாகப் பற்றவில்லையாம். கண்டக்டர் பின்னால் போய்த் துருத்தியைச் சுற்ற ஆரம்பித்தார். எல்லாரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். இந்த வழியில் வருகிறவர்கள் இப்படி ஒரு நாற்பது நிமிஷத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பாவாயம்மாள் போசியைத் திறந்து இட்லி கொடுத்தார். அவர் ராசிபுரத்தில் நெசவாளர் தெரு முனையில் காபிக் கடை வைத்திருக்கிறாராம். சட்னியின் ருசியே அதைச் சொன்னது, நம்பினேன்.

"சேலத்தில் என்ன காரியம்?" என்றேன்.

"ரேடியோப் பெட்டி விசயமுங்க. காபிக் கடையில வெக்கக் கூடாதுங்கறாங்களாம். வெக்கோணும்னு சொல்லப் போறனுங்க."

வேஷ்டி மடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் மடியில்தான் மனு இருந்தது. நான் எதற்குப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துணி முடிச்சை அவிழ்த்து லைசென்ஸை எடுத்துக் காட்டினார். செங்கோடன், காபிக் கடை, ராசிபுரம் என்று இருந்தது. மலைக்கோயில் ஊரின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணவன் பெயர் அதில் ஒலிக்கிறது அல்லவா! நம் பக்கத்துப் பெண்கள் பலர் இப்படித்தான்.

"இவர் வரவில்லையா?"

"அவரு போயி மூணு வருசம் ஆச்சுங்க. ஒரு ஜோடி மாட்ட வித்து வாங்குன பெட்டி. வருசா வருசம் பணங் கட்டறேன், இதையே புதுப்பிச்சுக் குடுக்கறாங்க."

குமாஸ்தா புத்தி விழித்துக்கொண்டது. இறந்தவர் பெயரில் லைசென்ஸ் செல்லாது. இதை அங்கே நீட்டினால் பேச விடமாட்டார்கள். லைசென்ஸ் இல்லாத பெட்டி என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். இதை எடுத்துச் சொல்லி, "அம்மணி, பேசாமல் தங்கச்சி வீட்டுக்குப் போங்கள். வாயைத் திறந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி. ஆனால் அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் என் மனுவுக்கு நல்லது என்பதையும் நான் அறிந்தே சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் போசியை மூடினார். "நானு பேசாட்டி வேற ஆரு பேசுவாங்க? எங்க தெருவுலயே லைசென்ஸு இது ஒண்ணுதானுங்க" என்றார். கண்டக்டர் கையைத் தட்டிக் கூப்பிட, வண்டியில் ஏறினோம்.

பத்து முப்பத்தைந்துக்குச் சேலம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஜட்கா நாலு அணா கேட்பான், மூன்றுக்கு வருவான். நடந்தால் பதினைந்து நிமிஷம். கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். வாசலில் லைசென்ஸைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். மேடையில் குழுத் தலைவரும் இரண்டு அங்கத்தினர்களும். பக்கத்தில் ஒரு குமாஸ்தா கையில் கடிகாரத்தோடு இருந்தார்.

வந்திருந்தது மொத்தம் முப்பது பேர். சங்கீதக் கச்சேரியை இடையில் வெட்டிச் செய்தி வாசிப்பது பாவம் என்றார் ஒருவர். நாடகங்களில் பெண்கள் அதிகம் அழுகிறார்கள், குறைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் பேரனின் பாட்டை ஒலிபரப்பச் சொல்லி ஐந்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் தானே பாடிக் காட்டினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். என் முறை வந்தது. மனுவை வாசித்தேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. தலைவர் தலையை ஆட்டினார். பாவாயம்மாள் எனக்கு நேர் பின்னால் பெண்கள் பெஞ்சில் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ராசிபுரம் செங்கோடன்!" என்று குமாஸ்தா கூப்பிட்டார்.

பாவாயம்மாள் எழுந்தார். ஹாலில் சிலர் சிரித்தார்கள். குமாஸ்தா நல்ல மனுஷன். அவரே வழியும் காட்டினார். "அவருக்கு உடம்பு சரியில்லையா அம்மா? அவர் சார்பாக வந்ததாக எழுதிக்கொள்ளட்டுமா?"

தலையை ஆட்டினால் போதும், காரியம் முடிந்தது. நானும் இப்போது திரும்பி, ஆட்டுங்கள் என்று கண்ணால் சொன்னேன்.

"இல்லீங்க" என்றார். "அவரு செத்துப் போயிட்டாருங்க. மூணு வருசமாச்சு."

தலைவர் முன்னால் குனிந்தார். "அப்படியானால் இது யாருடைய லைசென்ஸ்? உங்கள் வாயால் சொல்லுங்கள்."

அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். எவ்வளவு நேரம் என்று கடிகாரக் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

"செங்கோடன்ங்க" என்றார். அதோடு நிறுத்தாமல் மேலே பேசினார்.

"ஏழு மணிக்குப் பெட்டிய வெச்சா நாப்பது பேரு கேக்கறாங்க. தறிக்காரரு, வண்டிக்காரரு, பட்டு முறுக்கற பொம்பளைங்க, காட்டு வேலைக்குப் போயிட்டு வாரவங்க. காபி குடிச்சாத்தான் உக்காரலாம்னு நானு சொன்னதில்லீங்க. கடையில வெக்கக் கூடாதுன்னா பெட்டி பெரிய ஊட்டுக்குள்ள போயிரும். அந்த வாசல்ல போயி நின்னு கேக்கலாம்னா, எங்க சனத்துல பாதிப் பேரு அந்தத் தெருவுக்குள்ளயே கால் வெக்க முடியாதுங்க. சத்தம் தொந்தரவுன்னு முன்னால பேசுன சாமி சொன்னாங்க. சத்தத்தக் கொறைக்கச் சொல்லுங்க, கொறைக்கறோம். பெட்டியவே எடுக்கச் சொன்னா எப்பிடிங்க?"

தலைவர் கோபக்காரர் அல்ல. பொறுமையாகவே சொன்னார்: லைசென்ஸ் இல்லாதவர் அபிப்பிராயத்தை எழுத விதி இல்லை, புது லைசென்ஸ் வாங்கும் வரை பெட்டியை நிறுத்தி வைக்க வேண்டும். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். பேரனின் பாட்டு எழுதப்பட்ட அதே காகிதம் அவர் முன்னால் இருந்தது. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் தெரியவில்லை. என் மேல்தான் பாதி.

எழுந்து நின்றேன். "ஐயா, எனக்கு ஐந்து நிமிஷம். இரண்டுதான் பேசினேன்."

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்து ஆமாம் என்றார். நான் பாவாயம்மாள் சொன்னதை வரி தவறாமல் திருப்பிச் சொன்னேன். நகல் எழுதிப் பழகியவனுக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

"முன்னால் நீங்கள் கொடுத்தது இதற்கு நேர் விரோதமாயிற்றே?" என்றார் தலைவர்.

"அது தெருவின் மனு. இது என் அபிப்பிராயம்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். காபி ஓட்டல் ரேடியோ வேண்டாம் என்றும் வேண்டும் என்றும் ஒரே நாளில் பேசிய ஆசாமியாக நான் சர்க்கார் காகிதத்தில் இருக்கிறேன்.

நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்தே நடந்தோம். மனுவைப் பற்றி மல்லூரிலேயே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். "மடியில காயிதத்தக் கெட்டியாப் புடிச்சிருந்தப்பவே ஏதோ இருக்குதுன்னு நெனச்சனுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: "பேரச் சொன்னதும் அவரு பக்கத்துல வந்து நின்னாப்பல இருந்துச்சுங்க சாமி." கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் வாயைத் திறக்கும் முன் கண்டக்டரிடம் போய் அவரே கேட்டார், "ஏனுங்க, திருச்செங்கோட்டுப் பஸ்ஸு இதுதானுங்களா?"

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இம்மாதிரிக் கூட்டங்களுக்குப் போவதானால் லைசென்ஸ் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டில் யாராவது இறந்திருந்தால் உடனே தபால் ஆபீஸில் எழுதி மாற்றுங்கள். பேச வேண்டியதை இரண்டு நிமிஷத்துக்குள் முடியுங்கள். மிச்சம் எதற்காவது உதவும். திரும்பி வரக் கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. சாப்பாட்டை ராசிபுரத்தில் வைத்துக்கொள்வது உத்தமம். விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதை எழுதும் வரை ஒரு தகவலும் இல்லை. கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பேரில் ஏழு பேர் என்னோடு பேசுவதில்லை.

பாவாயம்மாளுக்குப் புது லைசென்ஸ் வர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பத்திர வேலையாக ராசிபுரம் போனவன், ஆறரை மணிக்கு அவர் கடையில் நுழைந்தேன். லைசென்ஸ் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. பாவாயி என்று இருந்தது. பெட்டி பேசாத நாட்களிலும் ஏழு மணிக்கு ஜனம் வந்து உட்கார்ந்ததாம். சேலத்தில் என்ன பேசினாய், சொல்லு என்று தினமும் கேட்டார்களாம்.

"அங்கே என் பெயரில் அல்லவா எழுதிவிட்டார்கள்" என்றேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஆரு பேர்ல எழுதுனா என்னங்க. இங்க இருக்கறவங்களுக்கு ஆரு பேசுனதுன்னு தெரியுமல்ல" என்றார்.

ஏழு மணிக்குக் குமிழைத் திருப்பிப் பெட்டியைப் பேச வைத்தார். பெஞ்சுகள் நிறைந்து, வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். செய்தி ஆரம்பித்தது. பாவாயம்மாள் குமிழில் கையை வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "சத்தம் போதுமுங்களா சாமி?" என்றார். கடையே சிரித்தது.

"போதும்" என்றேன்.

"எங்களுக்குக் கேக்கலீங்க" என்று வெளியே நின்ற ஒரு வண்டிக்காரர் சொன்னார்.

நானே எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.