இரட்டை வேகத்தில் வரலாறு

பாடத்தைப் படித்துப் பதிவு செய்கிற தொழிலில் இறங்கினவனுக்கு முதலில் தெரியவருவது, இந்த உலகத்தில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதுதான். அருமனையில் எங்கள் வீட்டு மாடி அறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்கப் பள்ளிக்கூடப் பாடங்களை ஒலிப்பதிவு செய்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் பார்வை இல்லாத மாணவர்கள். தன் குரலைத் தானே போனில் கேட்டு, 'இதுவா என் குரல்?' என்று ஒரு தடவையாவது திடுக்கிட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் தினமும் திடுக்கிடுகிறேன். அதனால் நமக்குள் கூச்சம் வேண்டாம்.

போன வருஷம் முழுக்க என்னைத் தூங்க விடாதவள் ஆன்சி. கடியப்பட்டணத்துப் பிள்ளை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பிளஸ் டூவில் வரலாற்றுப் பிரிவு. அப்பா கடலுக்குப் போகிறவர். "நல்ல மார்க் வாங்கினா நாகர்கோயில் ஹாஸ்டல்ல நின்னு காலேஜ் படி, இல்லேன்னா வீட்டுல இரி" என்று அவர் சொல்லிவிட்டார். அவள் படிப்பு முழுக்க என் பதிவுகளை நம்பி இருந்தது. நான் பாடத்தை அனுப்புவேன், அவள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போடுவாள், நானும் குரலிலேயே பதில் சொல்வேன். நேரில் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு ஒத்துழைப்பு

பக்கத்து வீட்டுத் தங்கராஜ் அண்ணன் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் வைத்திருக்கிறார். அதைச் சுற்றினால் எழும் கிரீச்சில் அசோகர் காலத்துக் கல்வெட்டே விரிசல் விடும். பதிவு நேரத்தில் மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தங்கமான மனுஷன், உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் நான் எப்போது முடிப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "சாரே, தீந்தாச்சா?" என்று அவ்வப்போது குரல் கொடுப்பார்.

அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். முகலாயர் ஆட்சி நிர்வாகம் நீளமான பாடம். அதில் ஒரு இடம் மட்டும் என் காதுக்குத் தப்பிவிட்டது. நிலவரியின் நடுவே "சாரே, தீந்தாச்சா?" அப்படியே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு ஆன்சிக்குச் செய்தி போட்டேன். பதில் வந்தது: "பரவாயில்ல சார், அந்த எடத்துல நானும் அதேதான் கேட்டேன்."

படத்தைப் பார்க்க

பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுத்து விடாமல் படிப்பது என் கொள்கை. அப்படித்தான் 'படத்தைப் பார்க்க', 'வரைபடத்தைக் கூர்ந்து நோக்குக' எல்லாவற்றையும் திருத்தமான உச்சரிப்பில் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் படித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆன்சியிடமிருந்து செய்தி. "பாத்தாச்சு சார், அடுத்ததுக்குப் போங்க."

வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து படங்களை வர்ணிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் அளவோடு நின்றேனா? ஒரு ராஜாவின் தலைப்பாகை, முத்துமாலை, மீசையின் வளைவு, பக்கத்தில் நிற்கும் குதிரையின் முகபாவம் என்று வர்ணித்துத் தள்ளிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு ஆன்சி ஒன்றே ஒன்று கேட்டாள்: "சார், மீசைக்கு எத்தன மார்க்?"

பணவீக்கமும் ஸ்டெல்லா டீச்சரும்

பொருளியல் என் தொண்டையில் இறங்காது. அதற்கு ஸ்டெல்லா டீச்சர் வருவார். எங்கள் தெருவிலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர், கணீரென்ற குரல். ஒரே சங்கடம், எதைக் கையில் கொடுத்தாலும் அதே ராகத்தில்தான் வாசிப்பார். தேவையும் அளிப்பும் பற்றி அவர் வாசித்தால் எழுந்து நிற்கத் தோன்றும்.

பணவீக்கம் என்ற பாடத்தைத் தடங்கலில்லாமல் ஒரே மூச்சில் முடித்தார். நான் கைதட்டப் போகும் நேரத்தில், பழக்க தோஷம், கண்ணை மூடி "ஆமென்" என்றார். அதை மட்டும் வெட்டிவிடுகிறேன் டீச்சர் என்றேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "வெலவாசி கெடக்கிற கெடப்புக்கு அது அங்கன கெடக்கட்டும் சாரே."

சாருக்கு என்ன சுகக்கேடு?

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கடியப்பட்டணத்துக்கே போனேன். ஆன்சியின் அம்மா மேரி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "எப்படி இருக்கே ஆன்சி?" என்றேன். யாரோ முன்பின் தெரியாதவர் வந்திருப்பதுபோல அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதம் காது நிறைய என் குரலைக் கேட்டவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை!

பெயரைச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாடம், என் குரல் செய்தி எல்லாவற்றையும் போனில் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாளாம். நான் நிறுத்தி நிதானமாகப் படித்ததெல்லாம் அவள் காதில் பந்தயக் குதிரையாக ஓடியிருக்கிறது. என் சொந்த வேகம் அவளைக் கலவரப்படுத்திவிட்டது. "சார், ஒடம்புக்கு என்ன? ஏன் இப்பிடி இழுத்து இழுத்துப் பேசுதீங்க?"

பேனாவின் வேகம்

அன்று சிரித்துவிட்டு வந்தேன். சிரிப்பு திருப்புதல் தேர்வு வரைதான் நிலைத்தது. பார்வையில்லாத மாணவர் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து எழுதுவார், அதுதான் முறை. ஆன்சிக்கு எல்லா விடையும் தெரியும். ஆனால் இரட்டை வேகத்தில் உள்ளே போன பாடம் இரட்டை வேகத்தில்தான் வெளியே வந்தது. எழுத வந்த டீச்சர் 'பையச் சொல்லு மக்கா' என்று கெஞ்சியிருக்கிறார். ரெண்டு வரி மெதுவாகப் போகும், மூன்றாவது வரியில் பிய்த்துக்கொண்டு ஓடும். இடையில் நிறுத்தினால் நூல் அறுந்து, விடையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடுதல் நேரம் கொடுத்தும் பாதி வினாத்தாள் அப்படியே கிடந்தது. வரலாற்றில் ஃபெயில்.

எல்லாம் தெரிந்த பிள்ளை, எழுத ஆளும் இருந்தும், வீட்டில் உட்காரப் போகிறாளே என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த டீச்சரிடம் போனில் பேசினேன். அவர் பாவம், என்னைவிட வருத்தத்தில் இருந்தார். "பிள்ளை மேல குத்தமே இல்ல சார். போனுக்கு ரெண்டு வேகம் இருக்கு, பேனாவுக்கு ஒரு வேகந்தானே?"

என் கையெழுத்தின் பயன்

சாதாரண வேகத்தில் கேட்டுப் பழகச் சொன்னேன். முயன்று பார்த்துவிட்டு, "உங்க வேகத்துல கேட்டா பானிப்பட்டுக்கு முன்னாடியே ஒறங்கிப் போறேன் சார்" என்றாள். வேறு வழியில்லாமல் சனிக்கிழமைதோறும் நானே போய் எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி என் கைக்கு எழுத்து மறந்து போயிருந்தது. அவள் ஒரு பத்தி சொல்லி முடிக்கும்போது நான் முதல் வரியில் நொண்டிக்கொண்டிருப்பேன். 'நில்லு, நில்லு' என்று கத்திக் கத்தி, பதிவுக்கு வைத்திருந்த தொண்டையும் கட்டிக்கொண்டது.

தொண்டை கட்டியதுதான் நல்லதாகப் போயிற்று. கத்த முடியாமல் நான் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தபோது, ஆன்சி தானாகவே நின்றாள். "சார், பேனா உரசுற சத்தம் கேக்குது. அது நின்ன பொறவு அடுத்த வரி சொல்லட்டா?" என்றாள். எனக்குக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. அதன் பிறகு பேனா ஓடும்போது அவள் வாய் மூடியிருக்கும், பேனா நின்றால் திறக்கும். நூலும் அறுபடவில்லை.

எழுதி முடித்த தாள்களை மேரி எடுத்துப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது ஆன்சிதான்: "சாரே, எனக்க மவளுக்குக் கண்ணு தெரியாதது ஒரு கணக்குல நல்லது. இந்த எழுத்தப் பாத்திருந்தா படிப்பே வேண்டாம்னு ஓடியிருப்பா."

பள்ளிக்கூட வாசலில்

பொதுத்தேர்வில் வரலாற்றுப் பரீட்சை அன்று, மேரியும் நானும் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். பரீட்சை எழுதும் பிள்ளைக்காக வெளியே நின்றவர்களுக்கு அந்த நேரத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைகள் வெளியே வந்து, ஐஸ் வாங்கித் தின்று, வீட்டுக்கும் போய்விட்டார்கள். ஆன்சி வரவில்லை. கூடுதல் நேரம் உண்டு என்று தெரிந்தும் மேரி ஜெபமாலையை விடவில்லை. உள்ளே இன்று எழுதுவது வேறு ஒரு டீச்சர். புதுப் பேனா, புதுக் கை. பந்தயக் குதிரை மறுபடி கிளம்பியிருந்தால்?

கடைசியில் அந்த டீச்சரே ஆன்சியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மேரி முந்திக்கொண்டு "எல்லாம் எழுதினாளா டீச்சர்?" என்று கேட்டார். "ஒண்ணு விடாம எழுதியாச்சு. ஆனா ஒரு வரி சொல்லிட்டு, நான் எழுதி முடிக்கது வர வாயத் தொறக்க மாட்டேங்கா. நடுவுல எனக்குக் கொட்டாவியே வந்துட்டு சார்!"

ஒரு போன்

முடிவு வந்த அன்று ஆன்சி என்ன மார்க் என்று சொல்லக்கூட இல்லை, குரல் செய்தியில் சிரிப்பும் அழுகையும்தான் இருந்தது. அதுவும் இரட்டை வேகத்தில். நான் மாடி அறையில் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தேர்ச்சி, அதுவும் நல்ல மார்க்கில், என்று ஸ்டெல்லா டீச்சர்தான் பார்த்துச் சொன்னார்.

சாயந்திரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். பின்னால் துறைமுகத்து இரைச்சல். ஆன்சியின் அப்பா, அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராதவர். நன்றி, வணக்கம் ஒன்றும் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்: "சாரே, பிள்ளைக்குப் பெட்டி வாங்கியாச்சு. ஹாஸ்டல்ல என்னைக்குக் கொண்டு விடணும்?"

பாடம் சொல்கிறவன் யாரையும் தூங்க வைக்கக் கூடாதுதான், ஆனால் எங்கள் தொழிலில் எழுதுகிறவருக்குக் கொட்டாவி வந்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வருகிறது.