பஜனை மடத்துக்குப் போன இருமல்

இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், பேச்சியம்மா பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் முப்பது குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். அவளுக்கு உரத்த குரல்; சிரிப்பு அதைவிட உரத்தது.

1936 மாசியில் கக்குவான் இருமல் வந்தது. முதலில் இரண்டு குழந்தைகளுக்கு வெறும் சளி. இரண்டு வாரத்தில் ஏழு குழந்தைகள் கண் பிதுங்க இருமி, முடிவில் 'ஊய்' என்று மூச்சிழுத்தார்கள். பேச்சியம்மா தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினாள். அங்கே யேசுரட்ணம் என்ற இளம் மருந்தாளர் புதிதாக வந்திருந்தார்.

"ஐயா, கசாயம் குடுத்தேன், தைலம் தேச்சேன். இந்தச் சனியன் ஏன் போக மாட்டேங்குது?"

கொக்கிப்புழு முட்டை பார்க்க வாங்கிய நுண்ணோக்கி மேசைமேல் இருந்தது. கொழும்பில் படித்த காலத்துக் கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து அதில் வைத்தார் யேசுரட்ணம்.

"ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

"புல்லு மாதிரி நிக்குதே!"

"மூச்சுக்குழாய்க்குள்ள இருக்கிற மயிரு அது. எந்நேரமும் அசைஞ்சு சளிய மேல தள்ளும். நடுவுல பொடிப்பொடியாத் தெரியுதே, அதுதான் கக்குவான் கிருமி. மயிரப் புடிச்சு ஒட்டிக்கிடும். மயிரு சோர்ந்து போகும், சளி அங்கேயே கெடக்கும். அத வெளிய தள்ளத்தான் புள்ள இருமுது."

"கால்ல அட்டை ஒட்டுற மாதிரியா?"

"அதேதான். ஆனா பிச்சுப் போட எங்கிட்ட மருந்து இல்ல. வெறும் சளியா இருக்கறப்பதான் அடுத்த புள்ளைக்கு ரொம்பத் தொத்தும்."

பேச்சியம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப மூக்கு ஒழுகுறப்பவே பிரிச்சுப்புடணும்!"

பிரித்து எங்கே வைப்பது? பகலில் சும்மா கிடந்தது பஜனை மடம்தான். மடத்துச் சாவி வைத்திருந்த பெரிய கங்காணி நல்லமுத்து முகம் சுளித்தார்.

"சாமி இருக்கிற எடம்."

"புள்ளைங்க இருமுனா சாமிக்குக் காதா வலிக்கப்போகுது, கங்காணி ஐயா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தார்.

நோயில்லாத குழந்தைகளை அம்மாக்கண்ணு என்பவளிடம் விட்டுவிட்டு, இருமிய ஏழு பேரும் மூக்கு ஒழுகிய நாலு பேருமாகப் பதினொரு குழந்தைகளோடு பேச்சியம்மா மடத்துக்குப் போனாள். குழந்தைகள் இருமும்போதெல்லாம் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தார்கள். இருமி ஓய்ந்த உடனே இரண்டு கரண்டி ஊட்டினால், அடுத்த இருமலுக்குள் அது வயிற்றில் தங்கிவிடுவதை அவள் கவனித்தாள். யேசுரட்ணத்திடம் சொன்னாள். அவர் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் அழகம்மாவின் எட்டு மாதக் குழந்தை ராமாயி இருமி இருமி நீலமாகிவிட்டாள். மூச்சு நின்றது. பேச்சியம்மா அவளைக் குப்புறச் சாய்த்து, விரலில் துணி சுற்றித் தொண்டையிலிருந்த சளியை வழித்தெடுத்தாள். முதுகைத் தட்டினாள். குழந்தை வீறிட்டது.

"அழுடி என் ராசாத்தி, நல்லா அழு!" என்று பேச்சியம்மாவும் அழுதாள்.

புதிதாக யாருக்கும் தொற்றவில்லை; பன்னிரண்டாவதாக ஒரு குழந்தை மடத்துக்கு வரவேயில்லை. வைகாசி பிறந்தபோது இருமல் ஒவ்வொன்றாக அடங்கியிருந்தது. ராமாயி ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தரையில் தட்டினாள். அழகம்மா கூடையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள். பிறகு பேச்சியம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனம் மொத்தமும் வந்தது. பதினொரு குழந்தைகளும் இடுப்பிலும் மடியிலும் இருந்தார்கள். யேசுரட்ணம் மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் அவர் கையில் தாளத்தைத் திணித்து முன்வரிசையில் உட்கார வைத்தார் கங்காணி. பாட்டு ஒரு பக்கம் போக, மருந்தாளரின் தாளம் இன்னொரு பக்கம் போயிற்று. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.