ஸில்மியாவின் பேருக்கு வந்த அழைப்புகள்

சபியா உம்மா அந்தக் குலுக்கல் கூப்பனில் தன் பேரையே எழுதியிருந்தால் இவ்வளவு வினையும் வந்திராது. ஆனால் கல்முனை பஸாரில் குலுக்கல் முடிவை ஒலிபெருக்கியில்தான் வாசிப்பார்கள். ஒரு வீட்டுப் பெண்ணின் பேரை மீன் சந்தை வரைக்கும் கேட்க எவனோ கத்துவதா? புருஷன் அப்துல் ஸமட்டின் பேரைப் போடலாம். அவரோ குலுக்கல் என்றாலே சூது, ஹராம் என்று குதிக்கிற மனிசன். பரிசுத் தையல் மெசினுக்கு ஆசைப்பட்டு வந்த சபியா உம்மா, கலந்தரின் புடவைக் கடையில் பேனாவோடு கொஞ்சம் யோசித்து நின்றார். பிறகு மகளின் பேரை எழுதினார், ஸில்மியா என்று. பிறந்த திகதி கேட்டிருந்தது, அதையும் எழுதினார். போன் நம்பர் மட்டும் தன்னுடையது.

ஸில்மியாவைச் சுனாமி கொண்டுபோய் அப்போது நாலரை வருஷம். போகும்போது பதினாலு வயது. அடக்குவதற்கு ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. அதனாலேயே சபியா உம்மா மகளின் பேரோடு மௌத்து என்ற சாவுச் சொல்லைச் சேர்த்ததே இல்லை. மரண அத்தாட்சிப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி மூன்று தரம் ஆள் வந்தும் வைக்கவில்லை. "புள்ளயக் காணல்ல" என்பார், அவ்வளவுதான். பிடிவாதம் என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தப் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழும்பி நடமாடினார்.

யுத்தம் முடிந்த கையோடு கொழும்புக் கொம்பனிகள் குடையும் கொடியுமாக வந்திறங்கிய வருஷம் அது. தையல் மெசின் வேறு யாருக்கோ விழுந்தது. சபியா உம்மாவுக்கு ஆகஸ்டில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. இங்கிலீசு எழுத்தில் தமிழ். "அன்பின் ஸில்மியா, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்." எழுத்துக் கூட்டி வாசித்தவர் அழவில்லை, சந்தோசப்பட்டார். எங்கேயோ ஒரு இடத்தில் மகளுக்குப் பத்தொன்பது வயதாகியிருந்தது.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைதான். முகப்பூச்சுக்காரன் அழைத்தான், கல்யாணப் பட்டுக்காரன் அழைத்தான். வயதைப் பார்த்து ஆளாளுக்கு வலை வீசினார்கள். கடைசியில் ஒரு கல்யாணத் தரகர். "மகளுக்கு வீடு கட்டியாச்சா?" என்றார். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற ஊரில் அதுதானே முதல் கேள்வி. சபியா உம்மா திருப்பிக் கேட்டார்.

"இந்த நம்பர எங்க எடுத்த?"

"லிஸ்ட்ல இரிக்கி, உம்மா."

மறுநாள் காலையிலேயே கலந்தரின் கடை வாசலில் நின்றார்.

"கலந்தர், புள்ளட பேரத் திருப்பித் தா."

"ராத்தா, கூப்பன் பெட்டியக் கொம்பனிக்காரனுகள் கொண்டுபோயிட்டானுகள். ஆராருக்கு வித்தானுகளோ!"

"அதக் கேக்கச் சட்டமில்லயா?"

"நகை களவு போனா பொலிசுக்குப் போகலாம். பேரு போனா எங்க போற?"

இருந்தாலும் அவன் பாவப்பட்டு, கூப்பனில் இருந்த நம்பருக்கு அழைத்துக் கேட்டான். வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பேருக்குரியவ கையெழுத்து வெச்சு எழுதணுமாம். இல்லாட்டி... மரண அத்தாட்சிப் பத்திரம் அனுப்பணுமாம்."

சபியா உம்மா இறங்கி நடந்தார்.

அசர் தொழுகைக்குப் பிறகு போன் மீண்டும் அடித்தது. கொழும்பு நகைக்கடையொன்றிலிருந்து ஒரு பெண் குரல். "ஸில்மியாவோட கதைக்கலாமா? கல்யாண நகைக்கு விசேஷ விலைக்கழிவு இருக்கு."

"அவ இல்ல, மகள்." அழைத்தவளையும் மகள் என்றே கூப்பிட்டார்.

"எத்தின மணிக்கு எடுத்தா இருப்பாங்க?"

எத்தனை மணிக்கு! நாளைக்கும் எடுப்பாள், நாளை மறுநாளும் எடுப்பாள்.

"மௌத்தாகிட்டா, மகள். கடல்ல."

புருஷனிடம்கூடச் சொல்லாத சொல், முகம் தெரியாத ஒருத்தியிடம் வாய் தவறி விழுந்துவிட்டது. அடுப்படி வாசலில் அப்படியே உட்கார்ந்தார்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க அன்ரி," என்றாள் அவள். கொம்பியூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. "பேர அழிச்சிட்டன். இனி எங்கட பக்கத்தால தொந்தரவு வராது."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அழித்துவிட்டேன் என்ற சொல்தான் காதுக்குள்ளேயே நின்றது.

அந்தப் பெண் பழக்க தோஷத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப இந்த நம்பர யாருட பேர்ல பதியட்டும் அன்ரி? உங்கட பேர் என்ன?"

சபியா உம்மா தன் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஸில்மியா," என்றார்.

மறுபக்கத்தில் அவள் மெதுவாக, எழுத்து எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள்.