கிளிக் கதையின் நீதி

பள்ளிக்கூடத்தில் நீதிக்கதை என்றால் ஒரு காகமோ நரியோ வரும். முடிவில் 'நீதி' என்று போட்டு ஒரு வரி இருக்கும். அந்த வரியை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடும், நரி என்ன ஆனாலும் கவலையில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லின் உபயோகமே வேறு. ஒருவரிடம் சொல்லி இன்னொருவர் காதில் விழவைக்கும் கதைக்குத்தான் அங்கே நீதிக்கதை என்று பெயர். அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாத நாட்களில் எனக்குக் கதை யோகம்.

கேபிள் டிவி தெருவுக்கு வந்தும் எங்கள் வீட்டுக்கு வராத கோடை அது. அம்மாவுக்கு வங்கியில் பதவி உயர்வு வந்தது, கூடவே மதுரைக்கு மாற்றலும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் பேச்சு நின்று கதை தொடங்கியது.

மதியம் சாப்பிட்டதும் மொசைக் தரையில் படுத்துக்கொள்வேன். கன்னத்தில் ஜில்லென்று இருக்கும். ஃபேன் சத்தத்தில் பாதிக் கண் செருகும்போது அப்பா ஆரம்பிப்பார்.

"கூட்டுல என்ன கொறைச்சல் அந்தக் கிளிக்கு? தூரத்து மாமரம்தான் வேணுமாம். குஞ்சு பாவம், அழுதுண்டே இருந்துது."

முகம் என் பக்கம் இருக்கும், குரல் சமையலறைப் பக்கம் போகும். பச்சைச் சிறகுகள் ஃபேனோடு சுற்றுவதைப் பார்த்தபடி தூங்கிப்போவேன்.

மறுநாள் எனக்குத் தலை பின்னும்போது அம்மா அதே கிளியை எடுத்துக்கொள்வாள். "ஆண் கிளின்னு ஒண்ணு இருந்துதே, அதுக்குக் குஞ்சைப் பாத்துக்கத் தெரியாதாமா?" கூடத்தில் அப்பாவின் செய்தித்தாள் சரசரக்கும்.

கிளி இப்படிப் பறந்தும் பறக்காமலும் பல நாள் ஓடியது. எனக்கானால் ஒரே சந்தோஷம். ஒரு மதியம் கதை பாதியில் இருக்கும்போது அம்மா ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"நீதி என்னன்னு அவளே சொல்லட்டும்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். பாடப்புத்தக வரி எதுவும் நினைவுக்கு வரவில்லை. தூக்கக் கலக்கத்தில், "கிளி லீவுக்கு வந்துடும்" என்றேன். அது நீதியே இல்லை, டீச்சர் பூஜ்யம் போட்டிருப்பார்.

அப்பா நேராக அம்மாவிடமே கேட்டார். "எப்போ சேரணும்?"

அன்று சாயங்காலம் பரணிலிருந்து பெட்டியை இறக்கி அவரே துடைத்துக் கொடுத்தார். எல்லோருமாக ஊருக்குப் போகிறோம் என்று நினைத்து நான் குதித்தேன். ஓடிப்போய் என் பட்டுப்பாவாடையை எடுத்துவந்து, அடுக்கியிருந்த புடவைகளின் மேல் வைத்தேன். பெட்டியை மூடும்போதும் அம்மா அதை வெளியே எடுக்கவில்லை.